வளையல் எழுத்தில் ஒரு பெயர்

போன மாதம் கல்முனையில் கலியாணக் கார்ட் தயாரிக்கும் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். கடைக்காரத் தம்பி என்னைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்து ஓர் எழுத்தைக் காட்டினார். தடித்த உடம்பு, உடம்புக்குள்ளே ஒரு வெள்ளைக் கோடு, வளைவு முடிகிற இடத்திலெல்லாம் ஒரு சுருள், சுருளின் நுனியில் ஒரு பொட்டு. இப்போது கலியாண வீட்டார் இதைத்தான் கேட்கிறார்களாம். பழைய பாணி என்பதற்காகவே கேட்கிறார்களாம்.

"நானா, உங்கட காலத்துல இதுக்கு என்ன பேர் சொல்ற?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"வளையல் எழுத்து" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அச்சகக்காரர் சங்கம் போடப் போகிற மலருக்கு இதைப்பற்றி எழுதித் தரச் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். பழையதெல்லாம் பொன் என்று சொல்கிற ஆள் நானில்லை. நின்றுகொண்டே ஈய எழுத்துப் பொறுக்கியதில் எனக்கு மிஞ்சியது முதுகு வலி. இந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் இன்றைக்கு நான் நிமிர்ந்து நடப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் கல்முனையிலேயே ஓர் அச்சகத்தில் நான் அச்சுக் கோப்பவனாகச் சேர்ந்தேன். பிரதான வீதியில், சந்தையைத் தாண்டி, கடற்கரைக்குப் போகும் ஒழுங்கை பிரிகிற இடத்தில் அது இருந்தது. தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் அடித்து முடிந்த எழுத்துகளைக் கழுவி அந்தந்த அறையில் போடப் பழகினேன். பிறகு பொறுக்கப் பழகினேன். ஒரு தடவை முழுத் தட்டையும் நிலத்தில் கொட்டிவிட்டேன். அதைத் திரும்ப அடுக்கியதில்தான் எல்லா எழுத்துக்கும் எது வீடு என்று மனப்பாடமாகியது. அவ்வளவுதான் என் படிப்பு.

முதலாளியை ஊர் முழுக்க ஹாஜியார் என்றே கூப்பிடும். மக்காவுக்குப் போய் வந்தபின் அவருடைய சொந்தப் பெயர் ரசீதில் மட்டுமே இருந்தது. வெள்ளைச் சட்டைதான் போடுவார். நாள் முழுக்க மையோடு புழங்கினாலும் அந்தச் சட்டையில் ஒரு புள்ளி பட்டு நான் பார்த்ததில்லை. அவர் குரல் உயர்ந்தும் கேட்டதில்லை. யாருக்கும் இல்லை, முடியாது என்று வாயால் சொல்லமாட்டார். வாடிக்கையாளர் கேட்பதைக் கடைசிவரை கேட்பார். செய்ய முடியாத காரியம் என்றால் என் பக்கம் திரும்பி, "தம்பி, இவருக்கு ஒரு பிளேன்டீ சொல்லுங்க" என்பார். பிளேன்டீ வந்தால் காரியம் முடிந்தது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்ட சில பேர், "எனக்குத் தேத்தண்ணி வேணாம் ஹாஜியார், இப்பதான் குடிச்ச" என்று முந்திக்கொண்டு சொல்வார்கள். அதற்கும் அவர் அசையமாட்டார்; அவர்களுக்குப் பிஸ்கட்டும் சேர்ந்து வரும்.

சம்மதம் என்றால் வேறு மாதிரி. எழுந்து போய், இடுப்பில் இருக்கும் சாவியை எடுத்து, சுவரோரத்து அலுமாரியின் கீழ்த் தட்டைத் தானே இழுத்துத் திறப்பார். வளையல் எழுத்து அந்தத் தட்டில்தான் இருந்தது.

கொழும்பில் மூடப்பட்ட ஓர் அச்சகத்திலிருந்து வேறு சாமான்களோடு சேர்த்து அவர் அதை வாங்கி வந்தார். சென்னையில் வார்த்த எழுத்து என்பார்கள். எங்களிடம் வந்தபோதே அது பழசு. அந்தக் காலத்து நாடக நோட்டீஸில் வருகிற எழுத்து. தனியாக ஓர் எழுத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'ம' சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கும். ஆனால் நாலைந்து எழுத்தைச் சேர்த்து ஒரு பெயராகக் கோத்து அடித்தால் தூரத்திலேயே கண்ணைப் பிடித்து இழுக்கும்.

அதில் ஒரு குறை இருந்தது. ஹ, ஜ, ஷ, ஸ எதுவும் கிடையாது. வார்த்தவர்கள் எங்கள் ஊர்ப் பெயர்களை நினைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை. ஹாஜியார் என்ற சொல்லையே அந்த எழுத்தில் கோக்க முடியாது. அதற்காக அவர் பாண்டிருப்பில் நகை செய்யும் பத்தர் ஒருவரைப் பிடித்தார். பத்தர் மற்ற எழுத்துகளைப் பலநாள் வைத்துப் பார்த்து, முதிரைக் கட்டையில் அந்த நாலு எழுத்தையும் இரண்டிரண்டாக இடம் வலம் மாற்றிச் செதுக்கித் தந்தார். நகைக்காரர் கையல்லவா, சுருளும் பொட்டும் சென்னைக்காரனுடையதைவிட நன்றாகவே விழுந்தன. 'ஹ' மட்டும் கொஞ்சம் பருத்துவிட்டது. கட்டை எழுத்து ஈய எழுத்தைவிட ஒரு மயிரளவு பதிவாக இருந்ததால் அடியில் சிகரெட் பெட்டித் தாளை வெட்டி ஒட்டி உயரம் சரிசெய்வோம். ஒட்டாவிட்டால் ஹமீது என்ற மாப்பிள்ளை மீது என்று வந்து நிற்பார்.

அந்த எழுத்தை நாங்கள் பல வேலைகளுக்குப் போட்டோம். படக் கொட்டகை நோட்டீஸ், சர்க்கஸ், இஞ்சிச் சோடா லேபல், கோயில் திருவிழாத் துண்டுப் பிரசுரம், பெருநாள் வாழ்த்து. எல்லாவற்றையும்விடக் கலியாணக் கார்ட்தான் அதிகம். கார்ட்டில் பெயர்களைப் பிசுபிசுப்பான மஞ்சள் வார்னிஷில் அடித்து, காய்வதற்குள் பஞ்சால் பொன்தூளைத் தடவி, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். கலியாண மாதத்தில் நாங்கள் தும்மினால் பொன்னாக வரும். வீட்டில் என் தலையணையில் பொன் ஒட்டியிருப்பதைப் பார்த்து என் மனைவி முதலில் சந்தேகப்பட்டது தனிக் கதை.

இந்த எழுத்து எதற்கெல்லாம் கூடாது என்று நாங்கள் கற்றுக்கொண்டது கூட்டுறவுச் சங்கத் தேர்தல் ஒன்றில். புடவைக்கடை வைத்திருந்த ஒருவர் தலைவர் பதவிக்குக் கேட்டார். தன் பெயரை வளையல் எழுத்தில்தான் போடவேண்டும் என்று அடம்பிடித்தார். ஹாஜியார் பிளேன்டீ சொன்னார். மனிதர் குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஹாஜியார் மனம் இளகித் தட்டைத் திறந்துவிட்டார்.

நோட்டீஸ் சந்தையில் ஒட்டிய அன்றே மீன்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். "என்ன முதலாளி, இந்த வயசுலயா மாப்புள ஆகப் போற?" எங்கள் ஊர் ஆட்கள் ஒரு தாளை வாசிப்பதற்கு முன்னால் எழுத்தின் சாயலைப் பார்ப்பார்கள். வளையல் எழுத்தைக் கண்டால் கலியாணம், அல்லது படம். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நிற்கமாட்டார்கள். ஒரு கிழமைக்குள் அவருக்கு 'மாப்புள' என்றே பெயராகிவிட்டது. தோற்றுப் போனார். நேரே அச்சகத்துக்கு வந்தார்.

"உங்கட எழுத்தால நான் தோத்த ஹாஜியார்."

"அதுதான் உங்களுக்குத் தேத்தண்ணி தந்த" என்றார் ஹாஜியார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் மெசினுக்குப் பின்னால் போய்விட்டேன்.

அதன்பிறகு ஹாஜியார் ஒரு கட்டுப்பாடு வைத்தார். வளையல் எழுத்து சந்தோசமான காரியத்துக்கு மட்டும். கலியாணக் கார்ட்டிலும் மூன்று பெயர்களுக்கு மட்டும். மணமகள், மணமகன், அழைப்பவர். மற்றதெல்லாம் சின்ன எழுத்து. "எல்லாருக்கும் வளையல் போட்டா ஆருட கையெண்டு தெரியா" என்பார்.

இனி நான் சொல்ல வந்த கார்ட்டுக்கு வருகிறேன். அது எண்பதுகளின் தொடக்கம்.

மீராலெவ்வை என்று ஒருவர் கார்ட் அடிக்கக் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காயராக மதிப்போடு இருந்தவர், நேர்மையானவர், சத்தமாகக் கதைப்பவர். மணமகள் நஸீமா அவருடைய இறந்துபோன தம்பியின் மகள். மாப்பிள்ளை வரிப்பத்தான்சேனையில் பெரிய வயல்காரரான அலியார் போடியாரின் மகன் ஹக்கீம், பாடசாலை ஆசிரியர். அழைப்பவர் என்ற இடத்தில் மீராலெவ்வை தன் பெயரைக் கொடுத்திருந்தார். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வாப்பா இல்லாத பெண்ணுக்கு வாப்பாவின் சகோதரன்தான் வலி, நிகாஹ் செய்து கொடுப்பவர். நாங்கள் அப்படி எத்தனையோ கார்ட் அடித்திருக்கிறோம். நான் பெயர்களைக் கோத்து, மாதிரிப் பிரதி எடுத்து வைத்தேன்.

அடுத்தநாள் காலையில் ஒரு பெண் படியேறி வந்தார். அந்த நாட்களில் பெண்கள் அச்சகத்துக்கு வருவது அபூர்வம். முக்காட்டை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களில் நீலச் சாயம் ஏறியிருந்தது. மருதமுனையில் தறி நெய்கிறவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"நஸீமாட உம்மா நான். ஹாஜறா உம்மா. கார்ட்டப் பாக்கலாமா தம்பி?"

மாதிரிப் பிரதியைக் கொடுத்தேன். அவர் அதை மெதுவாக, உதட்டசைத்து வாசித்தார். முடித்ததும் அழைப்பவர் பெயரில் விரலை வைத்தார்.

"இதில எண்ட பேர் வரோணும்."

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து, "மீராலெவ்வை மச்சான்தானே வலி, புள்ள?" என்றார்.

"ஓம். வலி அவர்தான். அது மார்க்கம், நான் அதுல கை வைக்கல்ல. கார்ட் மார்க்கம் இல்லையே ஹாஜியார். அவர்ட தம்பி மவுத்தாகக்குள்ள இவ தவழுற புள்ள. வளவுக்கு வேலி கட்டினது நான். கெணறு வெட்டினது நான். தறியில இருந்து இருந்து கல்லுக் கல்லா அந்த வீட்டக் கட்டினது நான். போடியார்ட மகன் வந்து இரிக்கப் போறது அந்த வீட்டுல. எண்ட வீட்டுக்கு ஆக்களக் கூப்புடுறது நானில்லாம வேற ஆரு?"

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார், அந்த வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. ஆகவே அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் பெயரை அழைப்பவராகப் போட்டு நாங்கள் ஒரு கார்ட்டும் அடித்ததில்லை. ஹாஜியார் பிளேன்டீ சொல்வார் என்று நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன். அவர் சொல்லவில்லை. தட்டையும் திறக்கவில்லை. "பின்னேரம் மச்சானையும் கூட்டிட்டு வாங்க புள்ள, கதைப்பம்" என்றார். அவர் அப்படித் தடுமாறி நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

பின்னேரம் இருவரும் வந்தார்கள். மீராலெவ்வை வரும்போதே முகம் சிவந்திருந்தது.

"ஹாஜியார், நீங்க சொல்லுங்க. கார்ட்டுல பேர் போடுறது சும்மா காரியமா? பேர் போட்டவன் கடப்படியில நிண்டு வாறவங்களக் கையப் புடிச்சிக் கூப்புடோணும். அதுதானே வழக்கம். ஒரு பொம்புள கடப்படியில நிப்பாளா? ஊர் சிரிக்கும். போடியார் என்ன நெனப்பாரு?"

"மச்சான், நான் ஒரு பேரத்தானே கேக்கன்" என்றார் ஹாஜறா உம்மா.

"பேர் மட்டும் போட ஏலா புள்ள. பேருக்குப் பின்னால ஆள் நிக்கோணும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இவட பேர்ல கார்ட் போனா நான் நிகாஹ் மஜ்லிஸ்ல வந்து இரிக்கமாட்டன். வேற வலியப் பாக்கட்டும்."

எங்கள் எல்லாருக்கும் அதன் பாரம் தெரியும். வலியாக இருக்க வேண்டியவர் வரமாட்டேன் என்று சொன்னால் போடியார் வீட்டுக்கு அந்தக் கதை அன்றே போய்ச் சேரும். கலியாணம் நின்றுபோனாலும் போகும். ஹாஜறா உம்மா தலையைக் குனிந்துகொண்டார். சாயம் ஏறிய விரல்கள் முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டிருந்தன. எனக்குப் பாவமாக இருந்தது. மீராலெவ்வை மேல் கோபமும் வரவில்லை. மனிதர் உண்மையாகவே பயந்துபோயிருந்தார்.

ஹாஜியார் மாதிரிப் பிரதியைக் கையில் எடுத்தார். பிறகு அவருடைய அந்த மெல்லிய குரலில் கேட்டார்.

"மச்சான், நம்மட ஊருல கலியாணம் சொல்லப் போறதெப்படி? ஆம்புளைகளுக்கு ஆம்புளைகள் சொல்ற. பொண்டுகளுக்கு?"

"பொண்டுகள்தான் சொல்ற."

"வீடு வீடாப் போய்ச் சொல்றதுக்கு ஊர் சிரிக்கிதா?"

"அதென்னத்துக்குச் சிரிக்கிற? அது வழமதானே."

"அப்ப பொண்டுகளுக்குக் குடுக்கிற கார்ட்டுல பொம்புளட பேர் இரிக்கட்டும். ஆம்புளைகளுக்குக் குடுக்கிற கார்ட்டுல உங்கட பேர். வாயால சொல்றதத்தானே தாளுல அடிக்கம்."

மீராலெவ்வை மேலே பார்த்தார், கீழே பார்த்தார். வழக்கத்தில் ஓட்டை கிடைக்கவில்லை. "பொண்டுகள்ற கார்ட் பொண்டுகளோட நிக்கட்டும்" என்று சொல்லி எழுந்துகொண்டார். அவர் படியிறங்கிய பின்தான் ஹாஜியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

பெண்களுக்கு என்று தனிக் கார்ட் அடித்தது எங்கள் அச்சகத்தில் அதுதான் முதல் தடவை. வேலை அதிகமில்லை. முதலில் மீராலெவ்வை பெயரோடு ஆண்களின் கார்ட்டை அடித்து முடித்தோம். பிறகு அச்சுச் சட்டத்தின் திருகைத் தளர்த்தி, அந்த ஒரு வரியை மட்டும் முழுசாகத் தூக்கி எடுத்தேன். அந்த இடத்தில் ஹாஜறா உம்மா என்று கோத்தேன். ஹா, ஜ இரண்டும் பத்தரின் கட்டை எழுத்து. மாப்பிள்ளை ஹக்கீம் ஒரு ஹ எடுத்துக்கொண்டதால் மிஞ்சியிருந்த ஹ ஒன்றுதான், அது போதுமாக இருந்தது. அடியில் தாள் ஒட்டி, விரலால் தடவிப் பார்த்து, திருகை இறுக்கினேன். முதல் பிரதியில் ஜ கொஞ்சம் மங்கலாக விழுந்தது. ஹாஜியார் இன்னொரு தாள் ஒட்டச் சொன்னார். பிறகு சரியாக வந்தது. பொன்தூளை அன்று அவரே தடவினார். சட்டையில் ஒரு துளி படவில்லை.

ஆண்களின் கார்ட்டை வெள்ளைத் தாளிலும் பெண்களின் கார்ட்டை ரோஸ் தாளிலும் பொதி செய்து வைத்தேன். வெள்ளைப் பொதியை மீராலெவ்வை எடுத்துக்கொண்டு போனார். ரோஸ் பொதிக்கு ஹாஜறா உம்மா வந்தார். அங்கேயே பிரித்து மேலே இருந்த கார்ட்டை எடுத்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, தன் பெயரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"தம்பி, எண்ட எழுத்து வடிவில்ல. இதில நீங்க ஒரு பேர் எழுதித் தாங்க. அலியார் போடியார், வரிப்பத்தான்சேனை."

"ராத்தா, இது பொண்டுகள்ற கார்ட்" என்றேன்.

"தெரியும்."

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு முதல் கார்ட்டைப் பலகாரத் தட்டோடு அனுப்புவது வழமை. அந்தத் தட்டில் இதை வைக்கப் போகிறார் என்று விளங்கியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஹாஜியார் அவ்வளவு பாடுபட்டு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார், இவர் அதை ஒரே வீச்சில் கெடுக்கப் பார்க்கிறார். "போடியார் கோவிச்சா புள்ளட கலியாணம் என்னாகும் ராத்தா?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

"அவர்ட மகன் எண்ட வீட்டுல சோறு தின்னப் போறாரு. ஆருட வீட்டுக்கு வாறாரு எண்டு அந்த மனிசனுக்குத் தெரியோணும். தெரிஞ்சி வராட்டி, இப்ப வராம இரிக்கிறதுதான் நல்லம்" என்றார். உறையை என் கைக்குள் வைத்தார்.

ஹாஜியார் மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். பிளேன்டீ சொல்லவில்லை. தன் சட்டைப் பையில் இருந்த பேனையைக் கழற்றி என்னிடம் தந்தார். நான் எழுதிக் கொடுத்தேன்.

கலியாணம்வரை எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை. போடியார் வீட்டிலிருந்து நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு பேச்சும் வரவில்லை. அந்த மௌனம்தான் என்னை வாட்டியது. கலியாண நாளன்று ளுஹர்த் தொழுகைக்குப் பிறகு நானும் ஹாஜியாரும் சேர்ந்து போனோம். புதுச் சுண்ணாம்பு மணக்கும் கல்வீடு. வளவு முழுக்க வெள்ளை மணல் பரப்பியிருந்தார்கள். வளவின் வாசலான கடப்பில் வாழைமரம் கட்டியிருந்தது. மீராலெவ்வை அத்தர் பூசி, தலைப்பாகை கட்டி, கடப்படியில் நின்று வருகிறவர்களைக் கைபிடித்து அழைத்துக்கொண்டிருந்தார். எங்களையும் அப்படியே அழைத்தார். முகத்தில் நல்ல சந்தோசம். பெண்கள் கார்ட் ஒன்று எங்கே போனது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாப்பிள்ளை ஊர்வலம் பைத் பாட்டோடு ஒழுங்கையில் திரும்பியது. முன்னால் அலியார் போடியார் வந்தார். உயரமான மனிதர், வெயிலில் காய்ந்த முகம், தோளில் சால்வை. மீராலெவ்வை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னே போய் ஸலாம் சொன்னார். போடியார் ஸலாத்துக்குப் பதில் சொன்னார், கையையும் கொடுத்தார். ஆனால் கடப்புக்குள் கால் வைக்கவில்லை. சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு கார்ட்டை எடுத்தார். அதைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஹாஜறா உம்மா எங்க?"

பைத் பாட்டு நின்றது. ஹாஜியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மீராலெவ்வையின் முகம் வெளுத்துவிட்டது. "அவ உள்ளுக்குப் பொண்டுகளோட இரிக்கா. நான் இரிக்கன்தானே, வாங்க."

"உங்களோட எனக்கு ஒண்டுமில்ல காக்கா. ஆனா நம்மளக் கூப்புட்டது நீங்க இல்லையே" என்று போடியார் கார்ட்டைத் திருப்பிக் காட்டினார். வெயிலில் பொன்னெழுத்து பளபளத்தது. "சின்ன எழுத்தொண்டும் எண்ட கண்ணுக்கு விளங்கா. பெரிய எழுத்து மட்டும் தெரியிது. மகன்ட பேர் இரிக்கி, மருமகள்ற பேர் இரிக்கி, ஹாஜறா உம்மாட பேர் இரிக்கி. உங்கட பேர் இல்ல. கூப்புட்டவங்க வந்து வாங்க எண்டு சொல்லட்டும், நான் வாறன்."

அது மரியாதையா, குத்தலா, இல்லை கண் தெரியாத கிழவர் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே நம்பிவிட்டாரா என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளை ஒழுங்கை நடுவே வெயிலில் நின்றார். உள்ளே யாரோ பெண்களிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டின் பக்கவாசலால் ஹாஜறா உம்மா வந்தார். புதுச் சேலை, முக்காடு நெற்றிவரை இறங்கியிருந்தது. அவ்வளவு ஆண்களுக்கு நடுவே மணலைப் பார்த்தபடி நடந்து வந்து, கடப்புக்கு உட்பக்கமாக, மீராலெவ்வைக்குப் பக்கத்தில் நின்றார். அவர் நிமிர்ந்தார்.

"நான்தான் கூப்புட்ட. வாங்க" என்றார்.

"வாறன்" என்றார் போடியார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடப்புக்குள் கால் வைத்தார். உள்ளே பெண்கள் குரவையிட்டார்கள்.

மீராலெவ்வை தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, ஓர் அடி ஒதுங்கி, தம்பியின் மனைவிக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டார். நிகாஹுக்கு நேரமாகி அவர் வலியாக உட்கார உள்ளே போனார். ஹாஜறா உம்மா போகவில்லை. கடைசி விருந்தாளி வந்து சேரும்வரை அவர் அந்தக் கடப்படியில்தான் நின்றார்.